நீச்சல் தும்பிக்கை இரண்டு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், நீ அங்கே சுகமாக இருப்பதாக அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும், ஏனென்றால் நீ பேசுவது அவரோடு, அனுப்புவது அவருடைய போனுக்கு, நான் அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு அவர் "ம்", "சரிப்பா", "சாப்பிட்டேன்பா" என்று சொல்வதை வைத்து நீ என்ன கேட்டிருப்பாய் என்று ஊகித்துக்கொள்கிறேன். போகட்டும். நீ அனுப்பிய கப்பல் டிக்கெட் வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, கப்பலுக்கு என்னென்ன கட்டிக்கொண்டு போக வேண்டும் என்ற பட்டியலும் வந்தது. இரண்டையும் அப்பா நகல் எடுக்கும் கடையில் கொடுத்து அச்செடுத்து வந்தார், டிக்கெட் ஒரு பக்கம், பட்டியல் பதினோரு பக்கம். ஒரு வாரம் தண்ணீரில் மிதந்துவிட்டு வரப்போகிற இரண்டு கிழங்களுக்கு அறுபத்து நான்கு சாமான்கள். ஒரு குடும்பம் வீடு மாறும்போதுகூட இவ்வளவு எழுதி வைத்துக்கொள்வதில்லை.

பட்டியலுக்கு அப்புறம் வருகிறேன், முதலில் டிக்கெட். ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்குக் கப்பல் உன் ஊர்த் துறைமுகத்தில் நிற்கும், மாலை நாலு மணிக்குக் கிளம்பும் என்று போட்டிருக்கிறது. அப்பா அதற்குக் கீழே பென்சிலால் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறார். அன்றைக்கு வருவாயா என்று அப்பா போனில் உன்னைக் கேட்டதற்கு நீ "பார்க்கலாம்" என்று ஒரு சொல் அனுப்பினாய். அடேயப்பா, எவ்வளவு தாராளம். இருபத்தொன்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தும் மேஜையில் உட்கார்ந்தவள் நான், ஒரு சொல்லைப் பார்த்தால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிவிடுவேன். இந்தப் "பார்க்கலாம்" என்னையே ஏய்க்கிறது. நேரில் சந்திக்கலாம் என்றும் படிக்கலாம், வந்தால் வருவேன், வராவிட்டால் போ என்றும் படிக்கலாம். அப்பா முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு குளியலறையில் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார். "வரமாட்டேன்னு சொல்லலையே" என்கிறார். நாலு வருஷத்துக்கு முன்னால் நீ வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனவன். நம் பாஷையில் போகிறவன்தானே வருகிறேன் என்று சொல்கிறான், அதனால் உன்னைக் குற்றம் சொல்ல முடியாது.

சரி, பட்டியல். இதை யார் தமிழில் எழுதினார்கள் என்று முதலில் கொதித்தேன், பிறகுதான் நீ இங்கிலீஷ் பக்கத்தைப் போனிடம் கொடுத்து, அது துப்பியதை அப்படியே அனுப்பியிருக்கிறாய் என்று புரிந்தது. அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை கண்ணால் பார்த்தாயா? ஏழாவது சாமான் "ஆண்களுக்கு நீச்சல் தும்பிக்கை இரண்டு". பன்னிரண்டாவது "அதிகாரப் பட்டை ஒன்று". பதினைந்தாவது "மாத்திரைகளைத் தொடர்ந்து செய் என்பதில் வைக்கவும்". இருபத்து மூன்றாவது "பெண்களுக்கு மூடிமறைப்பு இரண்டு". எனக்கு இரண்டா? ஒன்றே போதும், அதைத்தான் நாலு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன், அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் பையன் வாரா வாரம் என்னோடு பேசுகிறான் என்று சொல்லி. எங்கள் அச்சகத்தில் இப்படி ஒரு பக்கம் வந்திருந்தால் அதற்கு அச்செழுத்துக் கோத்தவனை வாசலோடு அனுப்பியிருப்பார்கள்.

உன் அப்பாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, எள் என்றால் எண்ணெயாக நிற்பவர். முப்பது வருஷம் லிப்ட் பழுது பார்த்தவர், வாழ்நாளில் செய்த பயணமெல்லாம் மேலேயும் கீழேயும்தான், குண்டுச் சட்டியில் குதிரை ஓட்டியவருக்குக் கடல் என்றதும் கால் தரையில் நிற்கவில்லை. பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய் நீச்சல் தும்பிக்கை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் மானம் கப்பல் புறப்படும் முன்பே கப்பலேறியிருக்கும். கடைக்காரன் சிரிக்கவில்லையாம், அவனும் அவரைப் போலவே யோசித்துப் பார்த்துவிட்டு, தண்ணீருக்கடியில் மூச்சு விடுவதற்கு வாயில் கவ்விக்கொள்ளும் வளைந்த குழாய் இரண்டை எடுத்துக் கொடுத்திருக்கிறான். தும்பிக்கை மாதிரித்தானே இருக்கிறது என்று இவரும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று நாளாகத் தினம் காலையில் பக்கெட்டில் முகத்தை முக்கிக் குழாயை மேலே நீட்டிப் பழகுகிறார். நேற்று அதைக் கவ்விக்கொண்டே தினசரி படித்தார், நான் ஏதோ கேட்டதற்கு அதற்குள்ளிருந்தே பதில் சொன்னார். எனக்கு வாய்த்தது அப்படி.

மாடி வீட்டு அம்மாளுக்குத்தான் இதெல்லாம் தெரிந்தது. அவளைத் தெரியும் இல்லையா, மூன்று வருஷத்துக்கு முன்னால் மூன்று நாள் கப்பலில் போய்விட்டு வந்து, இன்னும் இறங்காதவள். இந்தக் கட்டிடம் முழுக்க அவளைக் கப்பலம்மா என்றுதான் கூப்பிடுகிறோம், அவளுக்கு அதில் பெருமை வேறு. அவள் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இது தும்பிக்கை இல்லீங்க, நீச்சலுக்குப் போடுற அரைக்கால் சட்டை, இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ட்ரங்க்தான்" என்றாள், விழுந்து விழுந்து சிரித்தாள், அந்த அதிகாரப் பட்டை என்பது நாலைந்து பிளக் செருகும் நீளப் பலகை, மூடிமறைப்பு என்பது குளிக்கிற உடுப்பின் மேலே போட்டுக்கொள்ளும் தளர்வான அங்கி, தொடர்ந்து செய் என்பது கையோடு வைத்துக்கொள்ளும் பை என்று ஒவ்வொன்றாக எனக்குப் பாடம் நடத்தினாள். அத்தோடு விட்டாளா, ராத்திரிச் சாப்பாட்டுக்கு நீள கவுன் வேண்டுமாம், சாப்பாட்டுக்கும் கவுனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன், "அங்க எல்லாரும் உங்களையே பார்ப்பாங்க" என்றாள். என்னையா? கண்ணாடி போட்டுக்கொண்டு சாப்பாட்டுப் பட்டியலில் எழுத்துப்பிழை தேடப்போகிற கிழவியையா? இருக்கிற ஆறு புடவையில் நாலு எடுத்து வைத்திருக்கிறேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

நியாயமாகச் சொன்னால் அறுபத்து நான்கில் ஒன்பது சாமான் உருப்படி. காந்தக் கொக்கி சரியானது, கப்பல் அறையின் சுவர் இரும்பாம், துண்டும் பையும் அதில் தொங்கவிடலாம், லிப்ட் பெட்டிக்குள்ளே அப்பா காலம் காலமாக இதைச் செய்திருக்கிறார், அதனால் இது தன்னுடைய கண்டுபிடிப்பு என்கிறார். வாந்தி மாத்திரை, பாஸ்போர்ட்டின் நகல், முதல் நாளுக்கு வேண்டிய துணியும் மருந்தும் கைப்பையில், ஏனென்றால் பெரிய பெட்டி அறைக்கு வந்து சேர நேரமாகுமாம், இதெல்லாம் புத்தியுள்ளவன் எழுதியது. மிச்சம் ஐம்பத்தைந்தும் கடைக்காரர்கள் பிழைப்பதற்காக எழுதியது. கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது என்பார்கள், இவ்வளவையும் தூக்கினால் கன்னத்துக்குக் கொண்டுபோகக் கை எங்கே மிச்சமிருக்கும்?

இப்படியெல்லாம் ஏளனம் செய்துகொண்டுதான் பெட்டி அடுக்கினேன். முந்தாநாள் அப்பாவின் பெட்டியைத் திறந்து பார்த்தேன், சட்டைகளை ஒழுங்காக மடித்திருக்கிறாரா என்று. சட்டை மூன்றே மூன்று. மீதி எல்லாம் உனக்கு. திருப்புளி ஒரு செட், இடுக்கி, ஒட்டும் நாடா, எண்ணெய்க் குப்பி. உன் வீட்டில் எந்தக் கதவு கிறீச்சிடுகிறதோ, எந்தக் குழாய் சொட்டுகிறதோ, அதையெல்லாம் அந்த எட்டு மணி நேரத்தில் சரி செய்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிவிடுவாராம். இதைக் கேட்டு நான் தலையில் அடித்துக்கொண்டேன். கருவிகளைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள் என்று ஒன்பதாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, அந்த ஒரு வரியில் மட்டும் பிழையே இல்லை. காட்டினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார், எண்ணெய்க் குப்பியை மட்டும் துணிக்கு நடுவில் திரும்பவும் சொருகினார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

காலியான இடத்தில் வைக்க நாற்பத்தொன்றாவது சாமானை எடுத்தேன், குளிர் தாங்கும் மேலாடை. குளிர் என்ற சொல்லைப் படித்ததும் கை நின்றுவிட்டது. நீ போன முதல் மாதம் மூன்று பக்கம் கடிதம் எழுதினாயே, அதில் "குலிர்" என்று எழுதியிருந்தாய். நான் அந்தக் கடிதத்தை என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து இருபத்து மூன்று பிழைகளைச் சுழித்து, ஓரத்தில் சரியான எழுத்தைப் போட்டு, கடைசியில் "கவனம் தேவை" என்று எழுதி உனக்கே தபாலில் திருப்பி அனுப்பினேன். விளையாட்டாகத்தான் செய்தேன் என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் நீ எனக்கு ஒரு வரி எழுதவில்லை. ரோஷக்காரன், தாய் திருத்தினால் தாங்க முடியாதா என்று நானும் முறுக்கிக்கொண்டேன். அன்றைக்கே அப்பா கேட்டார், "அவன் என்ன எழுதியிருந்தான்னாவது படிச்சியா?" என்று. படிக்காமலா திருத்தினேன் என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

படிக்கவில்லைடா. அதுதான் உண்மை. எழுத்தைப் படித்தேன், கடிதத்தைப் படிக்கவில்லை. அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒரு வரிகூட நினைவில்லை. பிழைகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன, தொழில் புத்தி. குலிர். தணியாக. சாப்பாடு பிடிக்கவில்ளை. வீட்டு நிணைவு. அளுகை. முந்தாநாள் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தேன், கடிதம் முழுக்கத் தெரிந்தது. மூன்று சுழி "ண" போட்டு வீட்டு நிணைவு என்று எழுதியிருந்தாய், அந்தச் சுழியைச் சுற்றி வட்டம் போட்டேனே தவிர, என் பிள்ளை வீட்டை நினைக்கிறான் என்று எனக்கு உறைக்கவில்லை. இந்தப் பட்டியலைத் துப்பிய போனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் சொல். அதுவும் சொல்லைப் பார்த்தது, ஆளைப் பார்க்கவில்லை. கப்பலம்மாவையும் கடைக்காரனையும் உன் அப்பாவையும் இவ்வளவு நேரம் கிண்டல் செய்தேன், இந்தக் கடிதத்திலேயே கேவலமான ஆள் யார் என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும்.

மேலாடை உன் அளவில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், கம்பளியில், கழுத்து வரைக்கும் மூடுகிறது. நாலு வருஷம் தாமதம், அந்தக் குளிர் உனக்குப் பழகிப்போயிருக்கும், இருந்தாலும் வாங்கிக்கொள். நீ வேலை செய்கிற கிடங்கும் குளிர்பதனக் கிடங்காமே, அதையும் அப்பா போன வாரம்தான் சொன்னார், உள்ளே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. வேளைக்குச் சாப்பிடு. அன்றைக்கு லீவு கிடைக்காவிட்டால் அரை மணி நேரம் வந்தாலும் போதும், அதுவும் முடியாவிட்டால் முடியாது என்று எழுதிவிடு, பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதே. உன் அப்பா காலை ஆறு மணியிலிருந்தே மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், வாயில் அந்தக் குழாய் இல்லாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

நோய் நொடி இல்லாமல், நல்லவர்கள் நாலு பேர் சூழ நன்றாக இரு. கப்பல் புறப்பட இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது, இன்றே தபாலில் சேர்த்தால் இது உனக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒன்று மறந்துவிடாதே. எழுதியதைத் திரும்பப் படிக்காமல் உறையில் போடுகிறேன், என் ஆயுளில் இதுதான் முதல் தடவை. கண்டிப்பாகப் பிழை இருக்கும். என் சிவப்புப் பேனாவையும் இத்துடன் வைத்திருக்கிறேன். இருக்கிறதையெல்லாம் சுழித்து, ஓரத்தில் உனக்குத் தோன்றியதை எழுதி, இதைத் தபாலில் போடாமல் கையோடு எடுத்துக்கொண்டு ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்குத் துறைமுகத்துக்கு வா.

வருகிறேன். போகிறவர்கள் சொல்கிற வருகிறேன் இல்லை இது.

அம்மா