சம்பந்தியின் அசேலியா

மார்ச் 3
மூன்று அசேலியாவும் வெளிறிவிட்டன. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. முழங்கால் உயரத்தைத் தாண்டாத குட்டைச் செடிகள். முன்பெல்லாம் பூத்தால் இலையே தெரியாது. மகள் கல்யாணத்தின்போது சம்பந்தியம்மா கார் டிக்கியில் கொண்டுவந்து, தானே மண்டியிட்டு நட்டுவிட்டுப் போனவை. கல்யாணம் நான்கு வருஷம்கூட ஓடவில்லை. விவாகரத்து முடிந்து ஏழு மாதம். இவற்றைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஞாயிற்றுக்கிழமை பிடுங்கிவிட வேண்டியதுதான்.

மார்ச் 8
மண்வெட்டியோடு போனேன். வேர் ஆழமே இல்லை, கால்மிதி மாதிரி மேலாகவே பின்னிக் கிடக்கிறது. முதல் செடி சுலபமாக எழும்பி வந்துவிட்டது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ. திரும்ப அதே குழியில் வைத்து மண்ணைத் தள்ளினேன்.
செடி மேல் இரக்கமா? எனக்கே எதற்குப் பொய். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வந்ததும் தினமும் சம்பந்தியோடு அரை மணி நேரம் போனில் பேசுவேன். பிள்ளைகள் பிரிந்ததும் அதுவும் நின்றுபோனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

மார்ச் 9
செடிக்கு என்ன செய்வதென்று சம்பந்தியைக் கேட்கட்டுமா என்று மகளிடம் கேட்டேவிட்டேன். துணி தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "டைவர்ஸ் ஆனது எனக்கும் அவருக்கும்மா. உங்க ரெண்டு பேருக்கும் இல்ல."
கொஞ்சம் கழித்து, தான் வீட்டில் இருக்கும்போது மட்டும் சம்பந்தியை வரச்சொல்ல வேண்டாம் என்றாள்.

மார்ச் 10
சம்பந்திக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். நலம்கூட விசாரிக்காமல் "செடி மஞ்சளா இருக்கு" என்றேன். "நரம்பு பச்சையா இருக்கா?" என்று கேட்டார். நேரில் வந்து பார்க்கிறேன் என்றார்.

மார்ச் 14
மகள் வேலைக்குப் போனபின் வந்தார். பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் முப்பது வருஷம் உதவியாளராக இருந்தவர் அல்லவா. மண்ணை டம்ளரில் கரைத்துச் சோதனைத் தாளை முக்கினார். தாள் நீலமாக மாறியது; மண்ணில் சுண்ணாம்பு ஏறியிருக்கிறதாம். போன வருஷம் செடிக்குப் பக்கத்துச் சுவரைப் பூசிய கொத்தனார் மிச்ச சிமெண்டை அங்கேயே கழுவி ஊற்றியிருக்கிறார். அசேலியாவுக்குப் புளிப்பு மண்தான் வேண்டுமாம், சுண்ணாம்பு ஆகவே ஆகாதாம். மூன்றையும் சுவரைவிட்டுத் தள்ளி, புது மண்ணில் மேடு கட்டி நட்டோம். ஆழமாகப் புதைக்கப் போனேன் — கையைத் தட்டிவிட்டார். மேலே பைன் மரத்து ஊசியிலைச் சருகு பரப்பினார். ஒரு மூட்டை சுமந்து வந்திருந்தார்.
கிளம்பும்போது சொன்னார்: "என் பையன் நடந்துகிட்டதுக்கு உங்க முகத்துல முழிக்கவே கூச்சமா இருந்துச்சு சம்பந்தி. அதான் போன் பண்ணல."
நான் மட்டும் பண்ணினேனா?

ஏப்ரல் 26
மூன்று செடியிலும் சேர்த்து இரண்டே பூ. போதும். உயிர் இருக்கிறது.

மே 17
பூ உதிர்ந்த கையோடு கத்தரித்துவிட வேண்டுமாம். நாள் கடத்தினால் அடுத்த வருஷ மொட்டையும் சேர்த்து வெட்டிவிடுவோம். அதற்காக வந்திருந்தார். மகள் சீக்கிரமே திரும்பிவிட்டாள். வாசலில் நேருக்கு நேர். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.
அவ்வளவாவது கேட்டாளே.

செப்டம்பர் 20
இலையெல்லாம் கரும்பச்சை. கிளை நுனிகளில் மொட்டு. மகள்தான் முதலில் பார்த்துச் சொன்னாள்.

பிப்ரவரி 21
காய்ந்த குச்சி என்று நினைத்து, மொட்டு இருந்த கிளையையே வெட்டிவிட்டார் சம்பந்தி. எங்கள் கடையில் இரண்டு முறை கண்ணாடி மாற்றிக் கொடுத்தும் பலனில்லை; கண்புரை, மருத்துவர் தேதி கொடுத்துவிட்டாராம். மகனோ வெளிநாட்டில். தனியாகவே டாக்சியில் போய்வந்துவிடுவேன் என்கிறார். நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மகளின் குரல்: "என்னைக்கு ஆபரேஷன்? நான் லீவு போடுறேன்."

ஏப்ரல் 18
அறுவை நல்லபடியாக முடிந்து ஒரு வாரம். சம்பந்தி எங்கள் முன்னறையில்தான் இருக்கிறார். காலையில் செடிகளுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். இலை தெரியாமல் பூத்திருக்கின்றன. வெகுநேரம் பார்த்தார்.
"இது இவ்ளோ ரோஸா? செங்கல் கலர்னுல்ல நெனச்சு வாங்கினேன்."
எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். மகள் சொட்டு மருந்தோடு வந்து நின்றாள் — ஒரு நாளைக்கு நாலு வேளை, ஒருவேளைகூடத் தவறவிடுவதில்லை. அவர் தாடையை மெல்ல நிமிர்த்தினாள்.
"சிரிச்சது போதும். மேல பாருங்க அத்தை."