முகம் தெரிகிற கண்ணாடி

ஜூன் 1, ஞாயிறு

இன்றும் பல் டாக்டர் வந்தாள். இது மூன்றாவது ஞாயிறு.

அவளாக வந்து ஒட்டிக்கொண்டாள் என்று எழுதப் பார்த்தேன். பொய். அண்ணிதான் கூப்பிட்டாள். எங்கள் எதிர் ஃபிளாட்டுக்குக் குடிவந்தவளின் ரேஸ் சைக்கிளை, என் வீட்டுக்கு வந்த அன்று லிஃப்டில் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை எங்ககூட வாங்களேன்" என்று சொல்லியிருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒன்பது வருடமாக நானும் அண்ணியும் மட்டும்தான். கல்யாணம் செய்து அழைத்துவந்தது அண்ணன் என்றாலும் அவனுக்கு சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூடத் தெரியாது. அண்ணி எனக்குத்தான் வாய்த்தவள். காலை ஆறு மணிக்குக் கிளம்பி நீரேற்று நிலையம் வரை இருபது கிலோமீட்டர், அங்கே பேக்கரியில் டீ, திரும்ப இருபது. நான் முன்னால், அண்ணி பின்னால்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் என் வலது காது போனது. வண்டிகள் முந்துகிற பக்கம். ஒற்றைக் காதில் சத்தம் கேட்கும். எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. சைக்கிளை விற்றுவிடு என்றான் அண்ணன். விற்பேனா? அதற்குப் பிறகும் இதுவரை ஒரு கீறல் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் கண் என்று அண்ணியிடமே பீற்றிக்கொள்வேன். அவளும் "ஆமாமா" என்பாள்.

இன்று இருவரும் பின்னால் சிரித்துக்கொண்டே வந்தார்கள். சிரிப்பு மட்டும் காதில் விழுகிறது, பேச்சு விழவில்லை. இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். இரண்டு முறையும் சைக்கிள் பள்ளத்தில் இறங்கப் பார்த்தது.

அப்படி என்ன பேச்சு?

ஜூன் 3, செவ்வாய்

லென்ஸ் பட்டறையிலிருந்து வரும் வழியில் சைக்கிள் கடைக்குப் போனேன். பின்பக்கம் பார்க்க ஒரு கண்ணாடி வேண்டும் என்றேன். பாதுகாப்புக்குத்தான். (இங்கே யாரை ஏமாற்றுகிறேன்?)

கடைக்காரர் மூன்று வகை எடுத்துப் போட்டார். ஒன்று ஹெல்மெட்டில் ஒட்டுகிற குச்சிக் கண்ணாடி. தட்டினால் அரை நிமிடம் ஆடுகிறது. இன்னொன்று, வளைந்த ஹேண்டில்பாரின் முனையில் உள்ள மூடியைப் பிடுங்கிவிட்டு அந்தத் துளையில் செருகுவது. வட்டம், கொஞ்சம் புடைத்தது. மூன்றாவது மூக்குக்கண்ணாடியின் காம்பில் மாட்டுவது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, தட்டை.

நாள் முழுக்க லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவளுக்கு இதில் யாரும் பாடம் நடத்த வேண்டாம். புடைத்த கண்ணாடி ரோடு முழுவதையும் காட்டும். எல்லாம் சின்னதாக, தள்ளி இருப்பதாகத் தெரியும். தட்டைக் கண்ணாடி கொஞ்சம்தான் காட்டும். ஆனால் உள்ளதை உள்ள அளவில் காட்டும்.

"முனையில மாட்டுறத எடுத்துக்கங்க. பின்னாடி மொத்த ரோடும் தெரியும்."

"முகம் தெரியுமா?"

"முகம் எதுக்கும்மா? வண்டி தெரிஞ்சா போதாதா?"

தட்டையானதை வாங்கிவந்தேன்.

ஜூன் 4, புதன்

மூக்குக்கண்ணாடியில் மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினேன். பின்னால் வீட்டுக்காரர் பிஸ்கட் டப்பாவைச் சத்தமில்லாமல் திறப்பது தெரிந்தது. "சர்க்கரை இருநூத்தம்பது. மூடுங்க" என்றேன், திரும்பாமல். மனுஷர் ஆடிப்போய்விட்டார். நல்ல சாமான்தான்.

ஜூன் 8, ஞாயிறு

முதல் ஐந்து கிலோமீட்டர் என் காதைத்தான் பார்த்தேன். அந்தச் செத்த காதையே. பிறகு காம்பை விரலால் வளைத்து வளைத்து, இரண்டு முகங்களும் உள்ளே விழும்படி வைத்தேன். முகமும் கையும் மட்டும்தான் விழுந்தன. எனக்குப் போதும்.

பார்த்திருக்க வேண்டாம்.

அண்ணி என் முதுகைக் காட்டி ஏதோ சொன்னாள். உடனே டாக்டர் வலது கையை நீட்டி மேலும் கீழும் ஆட்டினாள். அண்ணி சிரித்துவிட்டு, "அப்படி இல்லை" என்பதைப் போலத் தலையசைத்து, தானும் கையை நீட்டி ஆட்டிக் காட்டினாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே ஆட்டம். சைக்கிள் ஓட்டும்போது என் வலது முழங்கை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். கோழி இறக்கை என்று அண்ணி கிண்டல் செய்வாள். செய்யட்டும், அது எங்களுக்குள். அதை முந்தாநாள் வந்தவளுக்கு நடித்துக் காட்டுவதா?

டாக்டருக்கு முப்பத்திரண்டு பல்லும் வரிசை. சிரிக்கும்போது அத்தனையும் கண்ணாடியில் தெரிந்தது.

ஜூன் 10, செவ்வாய்

அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணி தோசை... இல்லை, என்ன சாப்பிட்டேன் என்றே நினைவில்லை. அடுப்படியில் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் அப்படி என்ன பேசிக்கிட்டு வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. பல்லு விஷயம்."

ஒன்பது வருடத்தில் அண்ணி என்னிடம் சொன்ன முதல் பொய். சொல்லும்போது இல்லாத கறையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனிடம் சொல்லாததையெல்லாம் என்னிடம் சொன்னவள். அவள் அம்மா போனபோது என் மடியில்தானே அழுதாள்.

வயிறு எரிகிறது. வேறு நாகரிகமான வார்த்தை கிடைக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இன்று இடம் மாறிவிட்டது. எனக்கு நேர் பின்னால், அண்ணியின் இடத்தில், டாக்டர். அவளுக்கும் பின்னால் அண்ணி. யார் சொல்லி மாறினார்கள்?

அதுகூடப் பரவாயில்லை. டாக்டர் கையில் மஞ்சள் கையுறை. அண்ணியின் பிறந்தநாளுக்கு நான் நாலு கடை ஏறி இறங்கி வாங்கிய மஞ்சள் கையுறை. பேக்கரியில் கேட்டேன்.

"புதுசா, டாக்டர்?"

"இல்லக்கா, அண்ணி குடுத்தாங்க."

அண்ணி! அவளுக்கும் அண்ணியாம்! டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

இனிமேல் அண்ணிக்கு ஒரு கைக்குட்டை வாங்கிக் கொடுத்தாலும் என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

ஜூன் 21, சனி

செய்துவிட்டேன். சாயங்காலம் டாக்டர் மணியடித்து, "நாளைக்கு ஆறு மணிதானே அக்கா?" என்று கேட்டாள். நான் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "நாளைக்கு இல்லைங்க. அண்ணிக்கு உடம்பு முடியல" என்றேன். முகம் அப்படியே மாறிவிட்டது அவளுக்கு. "ஐயோ, ரொம்ப முடியலையா?" என்றாள். ரொம்பத்தான் அக்கறை.

ஜூன் 22, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன். கோணல் மாணலாக வருகிறது.

காலையில் அண்ணி, "டாக்டர் எங்க?" என்றாள். வரவில்லையாம் என்றேன். ஒரு கணம் தயங்கினாள், பிறகு ஏறினாள். நாங்கள் இருவர் மட்டும், பழையபடி. எனக்கு றெக்கை முளைத்துவிட்டது. ஆனால் கண்ணாடியில் அண்ணியின் முகம் சுருங்கியே இருந்தது. அவள் வரவில்லையென்று இத்தனை வாட்டமா? கோபத்தில் இன்னும் அழுத்தி மிதித்தேன். முகம் சின்னதாகிக்கொண்டே போனது. வளைவில் காணாமல் போனது. நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அந்தக் காலிக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லாரி என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. வரும் வரை தெரியவில்லை. சைக்கிளும் நானும் ஓரத்து ஜல்லியில் கிடந்தோம். முழங்கையில் தோல் இல்லை. கண்ணாடி தூள். மூக்குக்கண்ணாடியின் காம்பு வளைந்துவிட்டது. என் சொந்தக் கையால் பொருத்திய ஃபிரேம்.

அண்ணி வந்துசேர்ந்தபோது அவளுக்கு உதடு வெளுத்திருந்தது. கத்தினாள். அண்ணி கத்தி நான் கேட்டதே இல்லை. "யாருடி உன்னை அப்படி ஓடச் சொன்னது? நான் எட்டிப் பிடிக்க வேணாமா? அந்தப் பொண்ணு இன்னிக்கு வந்திருந்தா..." பாதியில் நிறுத்திக்கொண்டு அழுதாள்.

ஜல்லியில் கிடந்தபடி, ரத்தம் ஒழுக, அந்த நிலையிலும் எனக்கு என்ன வலித்தது தெரியுமா? "அந்தப் பொண்ணு வந்திருந்தா."

ஜூன் 24, செவ்வாய்

லீவு. அண்ணி கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது டாக்டர் மருந்தோடு வந்தாள். உள்ளே நுழைந்ததும் என்னைக்கூடப் பார்க்காமல் அண்ணியிடம், "இப்ப எப்படி இருக்கு? ஞாயித்துக்கிழமை உடம்பு முடியலைன்னு அக்கா சொன்னாங்களே" என்றாள்.

"எனக்கா? யாரு சொன்னது?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. டாக்டர் என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். புரிந்துகொண்டாள்.

"நான்தான் தப்பா கேட்டுட்டேன் போல. கிளினிக்ல மிஷின் சத்தத்துல இருந்து இருந்து எனக்கும் காது போச்சு" என்று சிரித்தாள்.

அதே முப்பத்திரண்டு பல். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 28, சனி

"அன்னைக்கே சொன்னேன்" என்றார் சைக்கிள் கடைக்காரர். பேசாமல் புடைத்த கண்ணாடியை வாங்கிவந்தேன். வலது முனை மூடியைப் பிடுங்கிச் செருகி, ஆறுபட்டைச் சாவியால் இறுக்கினேன். முதலில் என் தொடை முழுக்கத் தெரிந்தது. கொஞ்சம் வெளியே திருப்பி, கைப்பிடியின் மேல் கை வைத்துப் பார்த்து, பிறகு கீழ் வளைவைப் பிடித்துப் பார்த்தேன். கீழே பிடித்தால் மணிக்கட்டு மறைக்கிறது. மேலே பிடித்துத்தான் ஓட்ட வேண்டும்.

முகம் எதுவும் தெரியாது இதில். ஆள் ஒரு புள்ளி.

ஜூலை 5, சனி

டாக்டர் மணியடித்தாள். அதே கேள்வி. "ஆறு மணி" என்றேன். "சரிக்கா" என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

மெதுவாக எழுத வேண்டும்.

நான், பின்னால் டாக்டர், கடைசியில் அண்ணி. புதுக் கண்ணாடியில் இருவரும் சின்னப் புள்ளிகள். ஆனால் ரோடு இருந்தது. முழு ரோடும், அதன் கடைசி வரை.

நாலாவது கிலோமீட்டரில் தூரத்தில் ஒரு பஸ் வந்தது. எனக்கு எந்தச் சத்தமும் இல்லை. அண்ணி ஏதோ குரல் கொடுத்தாள் போல. டாக்டர் ஓரத்தை விட்டு ரோட்டுப் பக்கம் ஒரு முழம் நகர்ந்தாள். மஞ்சள் கை வெளியே நீண்டது, மேலும் கீழும் ஆடியது. பஸ் வேகம் குறைந்து, நடுக்கோட்டைத் தாண்டி விலகி, என்னைச் சுற்றிக்கொண்டு போனது. மஞ்சள் கை உள்ளே போனது.

அடுத்தது ஒரு வேன். அதேபோல். அடுத்து லாரி. நீரேற்று நிலையம் போவதற்குள் பதினான்கு வண்டி. பதினான்கு முறையும் அந்தக் கை.

கோழி இறக்கை இல்லை அது. முகம் தெரிந்தால் போதும் என்று வளைத்து வைத்தேனே, அந்தத் தட்டைக் கண்ணாடியில் கை விழுந்தது, பஸ் விழவில்லை. லென்ஸ் தேய்க்கிறவளாம் நான்.

பேக்கரியில் கேட்டேன். "எத்தனை நாளா அண்ணி?"

அண்ணி டம்ளரையே பார்த்தாள். "உனக்குக் காது போனதுலேருந்து."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சைக்கிளையே தூக்கிப் போட்டிருப்ப. ரோஷக்காரி. உடம்பெல்லாம் கண்ணுன்னு நீ சொல்றப்ப எனக்குச் சிரிப்பா வரும். இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

பிறகு சொன்னாள். இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டதாம். அடுத்த வாரத்தோடு சைக்கிளை நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம், ஆஸ்பத்திரியில். அன்றைக்கு அந்த முகம் சுருங்கியது டாக்டர் வராததற்கு இல்லை, வலிக்கு. நான் அழுத்தி மிதித்தேன்.

"எனக்கப்புறம் உனக்குப் பின்னாடி யாரு வருவா? அதான் லிஃப்ட்ல சைக்கிளைப் பாத்ததும் புடிச்சுக்கிட்டேன். கையுறை எதுக்குக் குடுத்தேன்? மஞ்சள்னாத்தான் டிரைவருக்குத் தெரியுது. நீ வாங்கிக் குடுத்ததுலயே உருப்படியான சாமான் அதுதான்."

டாக்டர் எழுந்து, வேண்டுமென்றே தன் சைக்கிள் சங்கிலியைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுதேன். வெட்கமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்: இடுப்பு வலியை என்னிடம் சொல்லுமுன் அவளிடம் சொல்லியிருக்கிறாளே என்று, அழுதுகொண்டிருக்கும்போதே, கொஞ்சம் எரிந்தது.

டாக்டரிடம் அன்றைய பொய்க்கு மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு ஒரு தங்கச்சி இருக்காக்கா. இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் சொல்லுவா" என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

அண்ணியின் கடைசி ஞாயிறு. எழுத வரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

நானும் டாக்டரும் மட்டும் போனோம். கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் வெறும் ரோடு. கண் அந்த இடத்துக்கே போய்ப் போய் வந்தது.

திரும்பி வரும்போது டாக்டர் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தாள். ஒரு கை ஹேண்டில்பாரில், சைக்கிள் ரோட்டுப் பக்கம் சாய்கிறது. பின்னால் ஒரு லாரி, கண்ணாடியில் பட்டாணி அளவு. இந்தக் கண்ணாடியில் பட்டாணி என்றால் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். "லாரி! உள்ள வா!" என்று கத்தினேன். வெடுக்கென்று உள்ளே வந்தாள். லாரி போனது.

"வாங்க" என்று சொல்ல நேரமிருக்கவில்லை. அதன் பிறகு மறுபடி "வாங்க"வுக்குப் போக எனக்கும் வரவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தோம். நன்றாகத்தான் பேசுகிறாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணியின் போன்.

"ஒழுங்கா கை காட்டினாளா?"

"காட்டினா."

"வண்டியெல்லாம் விலகிப் போச்சா?"

"போச்சு அண்ணி."

"டீ குடிச்சீங்களா?"

"குடிச்சோம்."

"இவ்வளவு நேரமாச்சே. ரெண்டு பேரும் அப்படி என்ன பேசிக்கிட்டு வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல அண்ணி. பல்லு விஷயம்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போனை வலது காதில் வைத்துவிட்டேனோ என்று எடுத்துப் பார்த்தேன். இல்லை, இடதுதான்.