இரண்டாம் குரல்

அக்கா,

உன் அம்மா இன்று காலை எங்கள் வீட்டுக்கு வந்து அந்தக் கேசட்டைக் கொடுத்தார். "அவ அலமாரியில இருந்துச்சு. நீங்க ரெண்டு பேருந்தானே கேப்பீங்க" என்றார். டப்பாவைத் திறந்ததும் வார்னிஷ் வாசனை. ஓசூர் தொழிற்பேட்டையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிவிட்டு வரும் உன் கைகளில் இருந்த வாசனை. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகும் அது போகவில்லை.

மெஷின் பொருத்த வந்த வெளிநாட்டு இன்ஜினியர் உங்கள் கம்பெனியில் விட்டுப்போன கேசட் அது. கியூபா நாட்டுப் பாடகர் ஒருவருடையது. கிதார், விதை போட்டுக் குலுக்கும் குடுக்கை, இரண்டு ஆண்களின் குரல். உள்ளே மடித்திருந்த தாளில் அவருடைய வாழ்க்கை ஆங்கிலத்தில் இருந்தது. பள்ளி அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நான் உனக்குத் தமிழில் சொன்னேன்.

கரும்பு வெட்டும் குடும்பத்தில் பிறந்தவர். பகலில் சுருட்டு சுற்றினார். மாலையில் நண்பரோடு கல்யாண வீடுகளில் பாடினார். அவர் முதல் குரல், நண்பர் இரண்டாம் குரல். இரண்டாம் குரல் அதே மெட்டைப் பாடாது. கொஞ்சம் கீழே, தன் வழியில், ஆனால் கூடவே வரும். தலைநகரில் இசைத்தட்டு போடுகிறவர்கள் அவரை மட்டும் கூப்பிட்டபோது, அவன் இல்லாமல் வரமாட்டேன் என்று ஊருக்கே திரும்பிவிட்டார். பல வருடம் கழித்துத்தான் இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள்.

நீ தாவணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். "மனுஷன்னா இப்படி இருக்கணும்டி" என்றாய்.

அன்றே பிரித்துக்கொண்டோம். நீ முதல் குரல், நான் இரண்டாவது. அர்த்தம் தெரியாமல் ஒலியை மட்டும் பிடித்தோம். என் குரலை அந்தப் பாட்டுக்குள்ளிருந்து தனியாகப் பிரித்தெடுக்க எனக்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஆயிற்று. பேட்டரி தீராமல் இருக்க பென்சிலால் நாடாவைப் பின்னுக்குச் சுற்றிச் சுற்றிக் கேட்டேன். உங்கள் கம்பெனி ஆயுத பூஜை விழாவில் பாட நீ நம் இருவர் பெயரையும் கொடுத்தாய். வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

கேன்டீனில் ஒத்திகை. ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்னம்மா இது? ஒருத்தி பெங்களூர் பஸ்ல ஏறுறா, இன்னொருத்தி தேன்கனிக்கோட்டை பஸ்ல ஏறுறா. சின்னது சுருதியே சேரலியே."

எல்லோரும் சிரித்தார்கள். நான் உன்னைப் பார்த்தேன். அது அப்படித்தான் சார், அது இரண்டாம் குரல் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொன்னால் மறுபடியும் சிரிப்பார்கள். நீ சொன்னால் கேட்பார்கள் என்று நின்றேன்.

"அவ சின்னப் பொண்ணு சார்" என்றாய். "இன்னும் சரியா வரல."

"அப்ப நீ மட்டும் பாடிடு."

"சரிங்க சார்."

விழாவில் லேத் மெஷினுக்கெல்லாம் மாலை போட்டிருந்தார்கள். நான் வாழை மரத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். நீ நன்றாகவே பாடினாய். கைதட்டு வந்தது. திரும்பி வரும்போது கம்பெனி பஸ்ஸில் உன் பொரிப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாய். "கோவிச்சுக்காத. அடுத்த வருஷம் சேந்து பாடலாம்டி." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த ஆயுத பூஜைக்கு நீ இல்லை.

உன்னைப் பற்றி எல்லோரும் நல்லதே சொல்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். ஆனால் அந்த "சரிங்க சார்" இன்னும் காதில் இருக்கிறது. நண்பன் இல்லாமல் பாடமாட்டேன் என்ற அந்தப் பாடகருக்காக அழுதவள் நீதானே?

இன்று மாலை பாத்திரம் தேய்க்கும்போது என்னை அறியாமல் பாடிக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி அது, பாட்டு மாதிரியே இல்லையே" என்றாள்.

என்னிடம் இருப்பது அந்தப் பாதிதான், அக்கா. நீ பக்கத்தில் நின்று பாடினால்தான் அது பாட்டு. உனக்கு அது தெரியும். அன்றைக்கும் தெரியும்.