லாரி பறக்காது

என் அன்பு மனைவிக்கு,

இங்கே நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாளா?

கம்பெனியில் விமானச் சரக்கையும் லாரிச் சரக்கையும் ஒரே பிரிவாக்கிவிட்டார்கள். இத்தனை வருடம் விமானத்தில் எடை பார்த்து ஏற்றிய என்னை லாரிப் பக்கம் தள்ளிவிட்டார்கள். பட்டப்படிப்பை முடிக்காத ஒருவன்தான் இப்போது எனக்கு மேலதிகாரி.

முதல் நாள் பழக்கதோஷத்தில் கனமான பெட்டிகளை லாரியின் நடுவில் அடுக்கிவிட்டேன். விமானம் சாயாமலிருக்க அப்படித்தான் ஏற்றுவோம். லாரியிலோ முதலில் இறக்க வேண்டியது கதவோரம் இருக்க வேண்டுமாம். டிரைவர் முதல் கடையிலேயே பாதிச் சரக்கை ரோட்டில் இறக்கிவைத்துத் தேடியிருக்கிறார். திரும்பி வந்ததும், "என்ன சார், வண்டி டேக் ஆஃப் ஆயிடும்னு பயந்துட்டீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். கோபம்கூட வரவில்லை.

இந்த இணைப்பு முடியும்வரை யாருக்கும் லீவு கிடையாதாம். மகளைக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட நான் வர முடியாது. உன் அண்ணனையே கேள். வீடு கட்டியபோது அவர் பேசிய பேச்சை நான் மறக்கவில்லை. ஆனாலும் அவளைத் தனியாக அனுப்பாதே.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் முதுகுவலித் தைலம் கொடுத்தனுப்பு. விடுதி அறைக் கதவின் தாழ்ப்பாளைப் படமெடுத்து அனுப்பச் சொல் மகளிடம், உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

ஷிப்டுக்கு வேன் வந்துவிட்டது. ஒன்று மட்டும். அவள் பெட்டியை நீயே அடுக்கு. போன அன்றே வேண்டிய போர்வையும் மாற்றுத்துணியும் மேலேயே இருக்கட்டும். புது இடத்தில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு, நாலு பேர் பார்க்க அவள் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

உன்னவன்