ஏகமனதாக

அன்புள்ள அக்காவுக்கு,

எதிர்வீட்டுக்காரி எழுதுகிறேன். நீங்கள் இந்தக் குடியிருப்பைவிட்டுப் போய்ப் பத்து வருடம் ஆகிவிட்டது. இன்னமும் என்னை அப்படிச் சொல்லிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. வேறெப்படிச் சொல்லிக்கொள்வது என்றும் தெரியவில்லை. உங்கள் முகவரியை மருந்துக்கடைக்காரரிடம் வாங்கினேன். வலது கண்ணில் அறுவை சிகிச்சை நடந்ததாகவும் இப்போது தேவலை என்றும் அவர்தான் சொன்னார். அதனால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதுகிறேன். மருமகள் படித்துக் காட்டுவாள் என்றால் அதுவும் நல்லதுதான். அவளும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போல எழுதிவிடலாம். என் முழங்கால்தான் மக்கர் செய்கிறது. மகள் வேலை மாற்றலாகிப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து, மாடி ஏறாதே என்று அதட்டுவாள். உங்கள் வீட்டை வாங்கியவர் இடித்துவிட்டு மூன்று மாடி கட்டியிருக்கிறார். கீழ்த்தளம் முழுக்க வண்டி நிறுத்தத்தான். இப்போது இந்தப் பக்கம் கட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் கட்டுகிறார்கள். புத்தி வந்துவிட்டது. வந்த விதம்தான் உங்களுக்குத் தெரியுமே.

விஷயத்துக்கு வருகிறேன். நம் குடியிருப்புக்கு இந்த வருடம் நாற்பது. சங்கத்தின் புதுச் செயலாளர் கணினி வேலை பார்க்கிறவர், நல்ல மாதிரி. மலர் ஒன்று போடப்போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "ஆரம்பத்துலேருந்து இருக்கறவங்க நீங்கதாம்மா, வரலாறு எழுதிக் குடுங்க" என்றார். இருபது வருடம் நான்தானே செயலாளராக இருந்து நடவடிக்கைப் புத்தகம் எழுதினேன்? எனக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. சரி என்றேன்.

முதல் பத்துப் பக்கம் ஆசை ஆசையாக எழுதினேன். அளவுக்கல்லும் நாணலும் தவிர ஒன்றுமில்லாத ஆற்றங்கரையில் முப்பத்திரண்டு வீடு எழும்பிய கதை. மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து, பேருந்து நிறுத்தத்துக் குழாயில் கால் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனோமே, அது. ஆற்றைப் பார்த்து ஜன்னல் வேண்டும் என்று நீங்களும், கொசு வரும், வேண்டவே வேண்டாம் என்று உங்கள் வீட்டுக்காரரும் போட்ட சண்டையில், கொத்தனார் வெறுத்துப்போய் அரை ஜன்னல் வைத்துவிட்டுப் போனது. வங்கி மேலாளர் வீட்டில்தான் அப்போது ஒரே தொலைபேசி. யாருக்கு அழைப்பு வந்தாலும் அவர் மொட்டைமாடியில் ஏறிக் கத்துவார். அதனால் அவருக்கு 'ஒலிபெருக்கி' என்று பெயர் வந்தது, அப்புறம் சங்கத் தலைவர் பதவியும் வந்தது. எழுதும்போது எனக்கே சிரிப்பு.

பதினோராவது பக்கத்தில் ஓடை வந்தது. பேனா நின்றுவிட்டது.

நம் தெருக்களின் மழைத்தண்ணீரை ஆற்றுக்குக் கொண்டுபோன ஓடை என் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் போனது. நீங்கள் போவதற்கு மூன்று நான்கு வருடம் முன்னால், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகளுக்கு மூன்றாவது முறையாகக் காய்ச்சல். எல்லாம் கொசுதான் என்றார் மருத்துவர். ஓடையை மண் கொட்டி மூடி, அதன்மேல் ஆற்றங்கரை வரை நடைபாதை போடலாம் என்று ஒலிபெருக்கி சொன்னபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

கூட்டத்தில் நீங்கள் ஒருவர்தான் எழுந்தீர்கள். நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் வரைபடம் போட்டவர் நீங்கள். மேசையில் தாளை விரித்து, "ஆத்துத் தண்ணி உள்ள வந்துடும்னுதானே எல்லாரும் பயப்படறீங்க? நம்ம தண்ணி வெளிய போறதுக்கும் இது ஒண்ணுதான் வழி. இதை அடைச்சா கடைசி வரிசை வீடெல்லாம் தொட்டியாயிடும்" என்றீர்கள். "மேடத்துக்கு நடக்கறதுன்னா சோம்பல், அதான் நடைபாதை வேண்டாங்கறாங்க" என்றார் ஒலிபெருக்கி. அறையே சிரித்தது. நானும் சிரித்தேன் அக்கா. நீங்கள் தாளைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் குனிந்து, "நான் வேண்டாம்னு சொன்னதை மட்டும் எழுதிடு" என்றீர்கள். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து, 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதினேன். யாராவது எதிர்த்ததாகத் தெரிந்தால் நகராட்சியில் நூறு கேள்வி கேட்பார்கள், வேலை இழுத்துக்கொண்டே போகும் என்று தலைவர் சொல்லியிருந்தார். அவர்மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. பேனா என் கையில்தான் இருந்தது. கூட்டத்துக்கு வந்ததும் எல்லோரும் போடுகிற வருகைக் கையெழுத்து அந்தப் பக்கத்தின் தலையில் ஏற்கெனவே இருந்தது. மூன்றாவது கையெழுத்து உங்களுடையது.

ஓடையை மூடிய மூன்றாம் வருடம் அந்த மழை. ஆறு கரையைத் தாண்டவே இல்லை. நாலு நாள் பெய்த தண்ணீர் போக வழியில்லாமல் தெருவிலேயே தங்கிவிட்டது. சனிக்கிழமை மதியம் கடைசி வரிசையில் இடுப்பளவு. அங்கேதான் தையல்காரம்மா வீடு. அவள் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தவர். அவள் ஆள் கூப்பிட அலறிக்கொண்டு வந்ததையும், நீங்களும் பால்காரரும் தண்ணீரில் இறங்கிப் போய் அவரைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கி வந்ததையும் என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன். அதற்குள் கட்டில் முழுகிவிட்டிருந்தது. மூன்றாம் நாள் மருத்துவமனையில் அவர் போய்விட்டார்.

அப்புறம் விசாரணை. அதிகாரி சங்கத்துப் படிப்பகத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் விரல் வைத்து, "வரைபடம் தெரிஞ்ச நீங்களுமா சம்மதிச்சீங்க?" என்று உங்களைக் கேட்டார். தையல்காரம்மா வாசலில் நின்றிருந்தாள். நீங்கள் அவருக்குப் பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்தீர்கள். எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று தெரியாது. நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தீர்கள். சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

"படிச்ச பொம்பளை, தெரிஞ்சே கையெழுத்துப் போட்டிருக்கா" என்று தெருவெல்லாம் பேச்சு. என் காதுபடவே பேசினார்கள். உங்கள் வாசலைக் கடக்கும்போதெல்லாம் தையல்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எட்டே மாதத்தில் வீட்டை விற்றீர்கள். மகன் கூப்பிடுகிறான் என்று எல்லோரிடமும் சொன்னீர்கள். சாமான் ஏற்றிய அன்று நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

இவ்வளவையும் அந்தப் பதினோராம் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். செயற்குழுவில், "பழசைக் கிளறி என்னம்மா ஆகப்போகுது? மலர் சந்தோஷமா இருக்கட்டுமே" என்றார்கள். அந்தப் பக்கம் இல்லையென்றால் மற்றதும் இல்லை என்று எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொண்டேன். மலர் வெறும் புகைப்படங்களோடு வருகிறது.

போன ஞாயிறு காலை பொதுக்கூட்டத்தில் எழுந்து அந்தப் பக்கத்தைப் படித்தேன். முன்வரிசையில் ஒலிபெருக்கி இருந்தார். இப்போது அவருக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. "என்ன சொல்றாங்க, என்ன சொல்றாங்க" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் சொல்லவில்லை. செயலாளர் மட்டும் எழுந்து வந்து தாளை வாங்கி, நடவடிக்கைப் புத்தகத்தில் சேர்த்துவிடுகிறேன் என்றார்.

எல்லோரும் கலைந்த பிறகு தையல்காரம்மா என்னிடம் வந்தாள். கத்துவாள், ஏன், அடித்தாலும் அடிப்பாள் என்று நினைத்தேன். "எங்க வீட்டுக்காரருக்காகத் தண்ணியில எறங்கின மனுஷியைப் பாத்துல்ல நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்" என்றாள். குரல் உயரவே இல்லை. "அவங்க அட்ரஸ் இருக்கா?" என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. நியாயம்தான்.

அவள் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவள். யாரையும் எழுதித் தரச் சொல்ல மாட்டாளாம், தானே எழுதப்போகிறாளாம். செயலாளர் சொன்னார். எழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை இந்தக் கடிதத்துக்கு முன்பே அது உங்களுக்கு வந்திருக்கலாம்.

உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை அக்கா. கேட்டால் கொடுத்துவிடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா? அதனால்தான் கேட்கவில்லை. எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவளுக்கு மட்டும் இரண்டு வரி போடுங்கள். பிள்ளைகளோடு நீங்கள் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை என்று ஒருகாலத்தில் சொல்லிக்கொண்டிருந்தவள்