முதலில் எடுத்த அட்டை

செங்கல்பட்டு
ஆகஸ்ட் 18, காலை

அன்பு மகள் சிநேகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஸ்தோத்திரம் சொல்லித்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். இன்று அது வரவில்லை. காய்ச்சல் விட்டதா? அதை முதலில் சொல். மற்றதெல்லாம் பிறகு.

நேற்று உங்கள் மிஷன் பள்ளி ஆல்வின் போன் செய்தான். விடுதிக்கு அரிசி வாங்க மலையிலிருந்து இறங்கிய இடத்தில்தான் சிக்னல் கிடைத்ததாம். உனக்கு இரண்டாம் முறையாக மலேரியா, மாத்திரை கொடுத்திருக்கிறோம், பயப்பட ஒன்றுமில்லை என்றான். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்களை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆற்றில் வெள்ளம் என்பதையும், அது வடியும்வரை உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் வராது என்பதையும் நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னான். அதற்குள் லைன் போய்விட்டது. இருபது முறையாவது திரும்பக் கூப்பிட்டிருப்பேன்.

வீட்டில் உன் அம்மா வெள்ளிக்கிழமை உபவாசத்தோடு புதன்கிழமையையும் சேர்த்துக்கொண்டாள். கீரைக்கார வேண்டா தினமும் கேட் பக்கத்தில் கூடையை இறக்கிவிட்டு, “இன்னா சார், பொண்ணு எப்போ வருது? ஏசி ரூம்பு வேலைய வுட்டுட்டு காட்டுல இன்னாத்துக்கு கஷ்டப்பட்டுகினு கீது? நீயாவது கூப்ட்டுகினு வரக்கூடாதா?” என்று என்னை அதட்டுகிறாள். திருப்போரூர் முருகனுக்கு உன் பெயரில் வேண்டிக்கொண்டிருக்கிறாளாம். இப்போது யார் வேண்டிக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்.

போதகர் ஜெபசிங்கை ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். உன்னைப் பற்றிப் பெருமையாகப் பிரசங்கத்திலேயே சொன்னார். தன் மகனைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டு அடுத்தவன் மகளை மலைக்கு அனுப்பி ஆமென் சொல்கிறவர். அவருக்குக் கை கொடுக்காமல் வெளியே வந்துவிட்டேன். உன் அம்மாவுக்கு வருத்தம்.

உன் தாத்தாவைப் பற்றி உன்னிடம் நான் அதிகம் பேசியதில்லை. மற்றவர்கள் வயலில் கூலிக்கு நின்றே தேய்ந்த குடும்பம் நம்முடையது. எங்கள் தெருவிலேயே முதன்முதலாக அரசாங்க வேலைக்குப் போனவர் அவர். தாலுகா ஆபீஸ் பியூன். ஆண்டவர் அழைத்தார் என்று அதை உதறிவிட்டு உபதேசியாராகி, மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை குப்பம் குப்பமாகச் சைக்கிளில் போனார். ஆபிரகாமை வீட்டை விட்டுப் புறப்படச் சொன்ன வசனம்தான் அவர் வாயில் எந்நேரமும். பிரபா அத்தையை நீ படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறாய். அவளுக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அவர், ஒரு குப்பத்தில் வேறொருவர் பிள்ளைக்காக ஜெபிக்கப் போனார். அந்தப் பிள்ளை பிழைத்தது. பிரபா பிழைக்கவில்லை. திரும்பி வந்தவர் அதற்கும் ஸ்தோத்திரம் என்றார். அவர் சாகும்வரை நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதையெல்லாம் எழுதிக்கொண்டே போகிறேன். எழுத வேண்டியதை இன்னும் எழுதவில்லை.

புத்தாண்டு அன்று உனக்கு ஷிப்ட். சிறுசேரி ஐடி ஆபீஸிலிருந்து போனில், “அப்பா, சர்ச்சுல எனக்கும் ஒரு வாக்குத்தத்த அட்டை எடுத்துடுப்பா. போன வருஷம் மாதிரி மறந்துட்டுப் போயிடாத” என்றாய். காலை ஆராதனை முடிந்து, அட்டைகளைக் கவிழ்த்து வைத்த தட்டு என்னிடம் வந்தது. முதலில் எடுப்பது எனக்கு, அடுத்தது உனக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் எடுத்தேன். அந்த வருஷம் முழுவதும் ஆண்டவர் நமக்குச் சொல்வது அந்த அட்டையில் இருக்கிறது என்று நாம் நம்புகிறவர்கள். வெளியே வேப்பமரத்தடியில் நின்று திருப்பிப் பார்த்தேன். உன் அட்டையில் பயமில்லாமல் சமாதானமாக வீட்டில் குடியிருப்பதைப் பற்றிய வசனம். என் அட்டையில் ஆபிரகாம்.

என் அப்பா பின்னால் வந்து என் பிடரியைப் பிடித்தது போல இருந்தது. எனக்கு ஐம்பத்துநான்கு வயது, கணக்கு வாத்தியார், சொந்த வீடு. என்னை ஆண்டவர் எங்கே புறப்படச் சொல்கிறார்? யாரும் பார்க்கவில்லை. உனக்குத் தர வைத்திருந்த கவருக்குள் என் அட்டையை வைத்தேன். உன்னுடையதை என் பர்சுக்குள் வைத்துக்கொண்டேன். நீ சின்னப் பெண், வாசித்துவிட்டுப் பைபிளுக்குள் வைத்து மறந்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன்.

நீ மறக்கவில்லை. இரண்டு முறை வாசித்தாய். போன் கவருக்குப் பின்னால் செருகிக்கொண்டாய். மார்ச்சில் வேலையை விட்டுவிட்டு மலை ஊழியத்துக்குப் பெயர் கொடுத்தாய். சபையில் அந்த அட்டையைத் தூக்கிக் காட்டி நீ சாட்சி சொன்னபோது மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஜெபசிங் என் தோளைத் தட்டி, “பிரதர், உங்க கையால எடுத்த அட்டை, பாத்தீங்களா!” என்றார். அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். அவமானமாக இருந்தது. மூன்று மாதத்தில் அலுத்துப்போய் நீயே திரும்பிவிடுவாய் என்றும் நினைத்தேன். ஜெபசிங்மேல் எனக்கு இத்தனை ஆத்திரம் ஏன் என்று இப்போது உனக்குப் புரியும்.

என் அப்பா பிரபாவைத் தவறவிட்டார். நான் உன்னை என் இடத்தில் நிறுத்திவிட்டு வந்தவன். ஆல்வின் காய்ச்சல் என்றதிலிருந்து இது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடுகிறது.

இன்று விடிந்ததும் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நின்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, “கடைக்குப் போயி கொசுவலை ரெண்டு வாங்கியாங்க” என்றாள். ஒன்று உனக்கு, இன்னொன்று எனக்கு என்பது கடைக்குப் போகும் வழியில்தான் புரிந்தது.

வியாழக்கிழமை நம் சபை ஜோஷ்வா உங்கள் விடுதிக்கு மருந்து எடுத்துக்கொண்டு ரயில் ஏறுகிறான். அவனோடு எனக்கும் டிக்கெட் போட்டாயிற்று. ஆனால் என்னை எனக்குத் தெரியும். ஸ்டேஷன் வரை வந்துவிட்டு நான் திரும்பிப் போகக்கூடும். அதற்காகத்தான் இதை எழுதி அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். நான் வந்தாலும் வராவிட்டாலும் உண்மை உனக்கு வந்து சேர வேண்டும்.

உன் அட்டை இந்தக் கவருக்குள் இருக்கிறது. என் பர்சில் இருந்து ஓரம் மடங்கிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு, நடக்க முடிந்த அன்றே இறங்கி வா. பிள்ளைகளுக்கு வாத்தியார் இல்லாமல் போய்விடுமே என்று தயங்காதே. முப்பது வருஷம் கணக்கு நடத்தியவன் ஒருவன் இருக்கிறான்.

மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. உன்னை ஆசீர்வதிக்க எனக்கு வாய் கூசுகிறது. அம்மா இரண்டு பேருக்குமாகச் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள் என்று வைத்துக்கொள். போன் கவருக்குப் பின்னால் இருக்கிறதே, அது என்னுடையது. நான் வந்து கேட்கும்வரை உயிரோடு இரு, கண்ணு.

உன் அப்பா
கிருபாகரன்