மதினியின் கட்டைவிரல்

ஜூன் 3, செவ்வாய்
விடியும் முன்பே மழை. ரப்பர் வெட்டு இல்லை. அதனால்தான் மதினியால் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வர முடிந்தது. கொழும்புக் கடையில் என் கணவருக்கு லீவு இல்லை. தன் அக்காவை, அதுதான் மதினியை, அனுப்பிவிட்டார். பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போய் வந்த சண்டைக்குப் பிறகு மதினியும் நானும் முகம் பார்த்துப் பேசியதில்லை. கேகாலை பஸ்ஸிலும் பேச்சில்லை.

மார்புக் கட்டிக்கு இரண்டாவது முறை மருந்து. ஊசியைப் பார்த்ததும் நெஞ்சு படபட. மூச்சு முட்டல். நர்ஸ் மிஸ் மதினியின் கட்டைவிரலைப் பிடித்து என் மணிக்கட்டின் உட்பக்கம் வைத்துக் காட்டினார். ரேகைக்குக் கீழே மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு நரம்புக்கு நடுவே. சிங்களத்தில், "பய வென்ன எப்பா." பயப்பட வேண்டாமாம்.

ரப்பர் பால் வெட்டுகிற கை. இரும்பு.

"மெதுவா மதினி, வலிக்குது."

"பேசாம இரு புள்ள. மிஸ்ஸு காட்டுன எடம் இதுதான்."

பயம் போகவில்லை. மூச்சு மட்டும் கொஞ்சம் இறங்கியது.

ஜூன் 7, சனி
வாந்தி. தலையணை முழுக்க முடி. சாப்பிட்டது பிஸ்கட் ஒன்று. வாங்க வேண்டியது: சோப்பு, வாந்திக்குப் புளிப்பாகத் தேசிக்காய், ஃபோனுக்கு ரீலோட்.

மதினி வாசலில். "கையக் குடு." உள்ளே வாங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தானாகவே வந்து உட்கார்ந்தார்.

ஜூன் 24, செவ்வாய்
மூன்றாவது மருந்து. பக்கத்துக் கட்டில் அம்மா சிங்களத்தில் தன் மகளிடம்: "பாரு, அக்காவும் தங்கச்சியும்." நாங்கள் இருவரும் திருத்தவில்லை.

ஜூலை 15, செவ்வாய்
ஸ்கேன் முடிவு. டொக்டர் மதினியிடம்தான் சொன்னார். எனக்குச் சிங்களம் அவ்வளவாக வராது என்று மதினி நினைப்பு. "அடு வெலா நே." குறையவில்லை. "அக்மாவட்டத் கிஹின்." ஈரலுக்கும் போய்விட்டது.

"என்னவாம் மதினி?"

"கட்டி சுருங்கிருச்சாம். மருந்த மட்டும் மாத்துறாங்களாம்."

சொல்லிக்கொண்டே என் கையை எடுத்தார். இடம் தவறி எலும்பில் அழுத்தினார். "நல்லது மதினி" என்றேன்.

சாயங்காலம் ஃபோனில் கணவர். "சுருங்கிருச்சாமே! அக்கா சொல்லுச்சு." சந்தோஷத்தில் அழுதார். ஆமாங்க என்றேன்.

ஜூலை 16, புதன்
விடாத மழை. குசினிக் கூரை ஒழுகி அடுப்பெல்லாம் ஈரம். மதினி கஞ்சி கொண்டு வந்தார். குடித்தேன். கையை நீட்டச் சொன்னார்.

"மதினி, அக்மாவன்னா ஈரல்தானே?"

விரல் நின்றுவிட்டது.

"அவருகிட்ட சொல்லிராதீங்க. அங்க தனியா கெடந்து அழுவாரு."

"சொல்ல மாட்டேன்டி."

முதல் தடவையாக டி போட்டார். எழுந்து போய்விட்டார். கோபமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் மழையோடு திரும்பி வந்தார். கக்கத்தில் பாய், தலையணை. இனி இங்கேதானாம்.